பெயரை அழித்தால் நோயாளி மறைந்துவிடுவாரா?

வைத்தியரிடமும் வக்கீலிடமும் உண்மையை மறைக்கக் கூடாது என்று நம் வீட்டுப் பெரியவர்கள் சொல்வதுண்டு. கணவரிடம்கூடச் சொல்லாத கருச்சிதைவை ஒரு பெண் மருத்துவரிடம் சொல்கிறார். வீட்டார் அறியாத குடிப்பழக்கத்தையும், வேலை செய்யும் இடத்தில் மறைத்து வைத்திருக்கும் வலிப்பு நோயையும், தற்கொலை எண்ணத்தையும் மனிதர்கள் மருத்துவரின் முன்னால்தான் இறக்கிவைக்கிறார்கள். சொன்னது அந்த அறையைத் தாண்டாது என்ற நம்பிக்கையே அவர்களைப் பேச வைக்கிறது.

ஆனால், சொன்னது எழுதப்படுகிறது. எழுதப்பட்டது இப்போது கணினியில் ஏறுகிறது. கணினியில் ஏறியது சிகிச்சை முடிந்த பிறகும் அழிவதில்லை. ஆராய்ச்சிக்கான மூலப்பொருளாக அது இன்னொரு வாழ்க்கையைத் தொடங்குகிறது. அந்த இரண்டாவது வாழ்க்கையின் மீது நோயாளிக்கு என்ன உரிமை இருக்கிறது என்பதை இந்தியச் சட்டம் இப்போதுதான் வரையறுக்கத் தொடங்கியிருக்கிறது. 2023இல் நாடாளுமன்றம் நிறைவேற்றிய டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்துக்கான விதிகள் 2025 நவம்பரில் அறிவிக்கப்பட்டன. முக்கியப் பிரிவுகள் 18 மாத அவகாசத்துக்குப் பிறகு, அதாவது 2027 மே மாதத்தில் நடைமுறைக்கு வரும். இந்த இடைவெளியில் பேசித் தீர்க்க வேண்டிய கேள்விகளில் மருத்துவ ஆராய்ச்சி பற்றிய கேள்வி முதன்மையானது என்று கருதுகிறேன்.

ஆராய்ச்சி ஏன் தேவை?

முதலில் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். நோயாளிகளின் பதிவேடுகளை ஆராய்ச்சியாளர்கள் தொடவே கூடாது என்று வாதிடுவதற்காக நான் இதை எழுதவில்லை. பதிவேடுகள் இல்லாமல் பொதுச் சுகாதாரம் இல்லை.

சென்னை அடையாறு புற்றுநோய் நிறுவனம் 1980களின் தொடக்கத்திலிருந்து மாநகரின் புற்றுநோய்ப் பதிவேட்டைப் பராமரித்துவருகிறது. தேசியப் புற்றுநோய்ப் பதிவேட்டுத் திட்டத்தின் அங்கமான அது, மருத்துவமனைகளிலிருந்தும் ஆய்வகங்களிலிருந்தும் நோயாளிகளின் விவரங்களைத் திரட்டி, இறப்புப் பதிவுகளோடு ஒப்பிட்டுப் பார்க்கிறது. சென்னைப் பெண்களிடையே கருப்பைவாய்ப் புற்றுநோய் குறைந்துவருகிறது, மார்பகப் புற்றுநோய் கூடிவருகிறது என்பதை நாம் அறிந்திருப்பது இந்தப் பதிவேட்டினால்தான். எந்த நோய்க்கு எங்கே பரிசோதனை முகாம் நடத்துவது, எந்தக் கருவியை எத்தனை மருத்துவமனைகளுக்கு வாங்குவது என்பன போன்ற முடிவுகள் இத்தகைய எண்களின் மீதுதான் நிற்க முடியும்.

இந்தப் பணியைப் பெயர் இல்லாமல் செய்யவும் முடியாது. ஒரே நோயாளி மூன்று மருத்துவமனைகளுக்குப் போயிருந்தால் அவரை மூன்று பேராக எண்ணிவிடாமல் இருக்கப் பெயரும் வயதும் முகவரியும் வேண்டும். அவர் ஐந்து ஆண்டுகள் கழித்து உயிரோடு இருக்கிறாரா என்று அறியவும் அவை வேண்டும். ஒவ்வொருவரிடமும் தனித்தனியே ஒப்புதல் பெறலாமே என்றால், பலர் இறந்திருப்பார்கள். பலர் ஊர் மாறியிருப்பார்கள். ஒப்புதல் தர உயிரோடு இருப்பவர்களை மட்டும் வைத்து ஒரு புற்றுநோயின் கடுமையை அளந்தால், நோய் உள்ளதைவிட இலேசானதாகவே தெரியும். ஆகவே, சில வகை ஆராய்ச்சிகளுக்குத் தனி ஒப்புதலிலிருந்து விலக்கு அளிப்பது நியாயமே. எந்த நிபந்தனைகளின்பேரில் விலக்கு என்பதுதான் கேள்வி.

நீதிமன்றம் சொன்னதும் சட்டம் சொல்வதும்

தனியுரிமை அடிப்படை உரிமையே என்று உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் அமர்வு 2017 ஆகஸ்ட் 24 அன்று தீர்ப்பளித்தது. புட்டசாமி வழக்கு என்று அறியப்படும் அந்தத் தீர்ப்பில், நீதிபதி சந்திரசூட் எழுதிய பகுதி மருத்துவப் பதிவேடுகளைத் தனியாகவே எடுத்துப் பேசுகிறது. மருத்துவமனை வைத்திருக்கும் ஒருவரது பதிவேட்டை உரிமையின்றி வெளியே தருவது அந்தரங்கத்தின் மீதான அத்துமீறல் என்கிறது. அதே வேளையில், மலேரியா, டெங்கு போன்ற நோய்கள் பரவும்போது மருத்துவமனைப் பதிவுகளை அரசு பகுத்தாராய்வதில் நியாயமான பொதுநலன் உண்டு என்பதையும் ஏற்கிறது. அதற்கு அது முன்வைக்கும் நிபந்தனை, தனிமனிதரின் அடையாளம் வெளிப்படாமல் காக்கப்பட வேண்டும் என்பது.

ஆறு ஆண்டுகள் கழித்து வந்த சட்டத்தைப் பார்ப்போம். ஆராய்ச்சி, ஆவணக் காப்பு, புள்ளிவிவரம் ஆகிய நோக்கங்களுக்காகத் தனிநபர் தரவுகளைக் கையாள்வதற்குச் சட்டத்தின் 17ஆம் பிரிவு விலக்கு அளிக்கிறது. இரண்டு நிபந்தனைகள் உண்டு. ஒன்று, குறிப்பிட்ட ஒருவரைப் பற்றிய முடிவெடுக்க அந்தத் தரவுகள் பயன்படக் கூடாது. இன்னொன்று, விதிகள் வகுக்கும் தரநிலைகளைப் பின்பற்ற வேண்டும். அந்தத் தரநிலைகள் விதிகளின் இரண்டாம் அட்டவணையில் உள்ளன: சட்டபூர்வமாகக் கையாள வேண்டும், தேவையான அளவு மட்டுமே பயன்படுத்த வேண்டும், தேவைப்படும் காலம் வரை மட்டுமே வைத்திருக்க வேண்டும், நியாயமான பாதுகாப்பு ஏற்பாடுகள் வேண்டும், பொறுப்பேற்க ஒருவர் வேண்டும்.

எல்லாம் நல்ல சொற்கள். ஆனால், ‘ஆராய்ச்சி’ என்றால் என்ன என்பதற்கு வரையறை இல்லை. மருத்துவமனையிடமிருந்து லட்சக்கணக்கான எக்ஸ்-ரே படங்களைப் பெற்றுச் செயற்கை நுண்ணறிவு மென்பொருள் தயாரித்து விற்கும் நிறுவனம் செய்வது ஆராய்ச்சியா, வணிகமா? சட்டத்தில் விடை இல்லை. அறநெறிக் குழுவின் அனுமதி வேண்டும் என்றோ, தங்கள் பதிவேடு எதற்குப் பயன்பட்டது என்பதை நோயாளிகளுக்குத் தெரிவிக்க வேண்டும் என்றோ அந்த அட்டவணை கேட்கவில்லை. நீதிமன்றம் முன்வைத்த அடையாளக் காப்பு என்ற நிபந்தனையும் அதில் வெளிப்படையாக இடம்பெறவில்லை.

இன்னும் இரண்டு குறைகளைச் சொல்ல வேண்டும். தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் கீழ் 2011இல் வந்த விதிகள், மருத்துவப் பதிவுகளைக் கூடுதல் கவனத்துக்குரிய தரவு வகையில் சேர்த்திருந்தன. புதிய சட்டத்தில் அப்படி ஒரு வகையே இல்லை. உணவு விநியோகச் செயலியில் நாம் தந்த முகவரியும், மனநல மருத்துவர் நம்மைப் பற்றி எழுதிய குறிப்பும் ஒரே தட்டில் வைக்கப்பட்டிருக்கின்றன. அடுத்து, பாதுகாப்புக் குறைபாட்டுக்கு 250 கோடி ரூபாய் வரை அபராதம் விதிக்கலாம் என்பது பெரிதாகப் பேசப்படுகிறது. அந்தப் பணம் அரசின் தொகுப்பு நிதிக்குப் போகும்; ரகசியம் வெளியான நோயாளிக்கு அதில் ஒரு ரூபாயும் இல்லை. பாதிக்கப்பட்டவர் இழப்பீடு கேட்க வழிவைத்திருந்த தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 43ஏ பிரிவையும் புதிய சட்டம் நீக்குகிறது.

சட்டம் கேட்காததை அறநெறி கேட்காதா என்று சிலர் வினவலாம். கேட்கிறது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 2017இல் வெளியிட்ட அறநெறி வழிகாட்டு நெறிமுறைகள் விரிவானவை. ஒப்புதல் பெறாமல் பழைய பதிவேடுகளை எப்போது ஆராயலாம், அதை யார் அனுமதிக்கலாம் என்றெல்லாம் அவை கூறுகின்றன. நடைமுறையில் அது எப்படி இருக்கிறது என்பதுதான் என் கவலை.

அறநெறிக் குழுவின் மேசையில்

மருத்துவக் கல்லூரி ஒன்றின் ஆராய்ச்சி அறநெறிக் குழுவில், மருத்துவம் படிக்காத பொது உறுப்பினராகச் சில ஆண்டுகள் இருந்திருக்கிறேன். இப்படி ஒருவர் குழுவில் இருக்க வேண்டும் என்பது விதி. பட்ட மேற்படிப்பு மாணவர்களின் ஆய்வுத் திட்டங்கள் கட்டுக்கட்டாக வரும். அநேகமாக ஒவ்வொன்றிலும் ஒரே வரி இருக்கும்: ‘நோயாளிகளின் பெயர்கள் நீக்கப்படும், ரகசியம் காக்கப்படும்.’

பெயரை நீக்கிய பின் அட்டவணையில் என்னென்ன எஞ்சும் என்று கேட்பேன். மருத்துவமனைப் பதிவு எண், சேர்க்கப்பட்ட தேதி, வயது, ஊர், தொழில், மண நிலை என்று பட்டியல் நீளும். அட்டவணை யாரிடம் இருக்கும் என்று கேட்பேன். மாணவரின் மடிக்கணினியில், வழிகாட்டியின் மின்னஞ்சலில், கணக்குப் போட்டுத் தரும் புள்ளியியலாளரின் பென் டிரைவில் என்று பதில் வரும். ஆய்வேடு சமர்ப்பித்த பிறகு அந்தப் பிரதிகள் என்ன ஆகும் என்ற கேள்விக்குப் பெரும்பாலும் மௌனமே பதில்.

பூச்சிமருந்து குடித்துப் பிழைத்தவர்களைப் பற்றிய ஆய்வுத் திட்டம் ஒன்று வந்தது. அவசியமான ஆய்வு, எந்த மருந்து, எவ்வளவு நேரத்தில் சிகிச்சை, யார் பிழைத்தார்கள் என்று அறிந்தால் உயிர்களைக் காப்பாற்றலாம். அட்டவணையில் பெயர் இல்லை. ஊரும் தேதியும் வயதும் மண நிலையும் இருந்தன. ஒரு சிற்றூரிலிருந்து ஒரு குறிப்பிட்ட நாளில் 108 ஆம்புலன்ஸில் கொண்டுபோகப்பட்ட 19 வயதுப் பெண் யார் என்று அந்த ஊரில் யாருக்குத்தான் தெரியாது? ‘வயிற்றுவலி’ என்று குடும்பம் சொல்லிவைத்திருக்கும் காரணம் பொய் என்பதை அந்த அட்டவணையின் ஒரு வரி சொல்லிவிடும். அந்தப் பெண்ணின் கல்யாணப் பேச்சு, படிப்பு, ஊரில் தலைநிமிர்ந்து நடக்கும் உரிமை எல்லாம் அந்த ஒரு வரியில் தொங்குகின்றன.

அந்த மாணவரோ வழிகாட்டியோ அலட்சியக்காரர்கள் அல்லர். ஊரின் பெயரை எடுத்துவிட்டு, மருத்துவமனையிலிருந்து எவ்வளவு தொலைவு என்பதை மட்டும் வைத்துக்கொள்ள உடனே ஒப்புக்கொண்டார்கள். ஆய்வுக்கு அதுவே போதுமானதாகவும் இருந்தது. தரவுகளைப் பத்திரமாக வைக்க அவர்களுக்கு யாரும் ஓர் இடத்தைத் தந்திருக்கவில்லை என்பதுதான் கோளாறு. கேட்டால் மாற்றிக்கொள்கிறார்கள், கேட்பதற்கு ஆளோ நேரமோ இல்லாத குழுக்களில் அந்த ஒற்றை வரி சடங்காகிவிடுகிறது.

20 டாலரில் கிடைத்த அடையாளம்

பெயர் நீக்கம் எவ்வளவு பலவீனமான வேலி என்பது கால் நூற்றாண்டுக்கும் மேலாகத் தெரிந்த செய்தி. 1990களின் நடுவில் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில், அரசு ஊழியர்களின் காப்பீட்டைக் கவனிக்கும் ஆணையம் அவர்களின் மருத்துவமனைப் பதிவுகளைப் பெயரும் முகவரியும் நீக்கி ஆய்வாளர்களுக்கு வழங்கியது. அடையாளம் தெரியாது என்று ஆளுநர் வில்லியம் வெல்ட் உறுதியளித்தார். அப்போது மாணவியாக இருந்த லதான்யா ஸ்வீனி, ஆளுநர் வசித்த கேம்பிரிட்ஜ் நகரின் வாக்காளர் பட்டியலை 20 டாலருக்கு வாங்கினார். ஆளுநரின் பிறந்த தேதி கொண்டவர்கள் அந்த நகரில் ஆறு பேர். அவர்களில் ஆண்கள் மூவர். அவருடைய அஞ்சல் குறியீட்டில் ஒருவர். ஆளுநரின் மருத்துவப் பதிவு எது என்று தெரிந்துவிட்டது. பிறந்த தேதி, பாலினம், அஞ்சல் குறியீடு ஆகிய மூன்றைக் கொண்டே அமெரிக்கர்களில் 87 சதவீதத்தினரைத் தனித்து அடையாளம் காண முடியும் என்று அவர் பின்னர் மதிப்பிட்டார். பிந்தைய ஆய்வுகள் இந்த விகிதத்தைக் குறைவாகச் சொன்னாலும், அது பாதிக்கும் மேல் என்பதில் மாற்றமில்லை.

2016இல் ஆஸ்திரேலிய அரசின் சுகாதாரத் துறை, மக்கள்தொகையில் பத்தில் ஒரு பங்கினரின், அதாவது சுமார் 29 லட்சம் பேரின், முப்பதாண்டு மருத்துவக் கட்டணப் பதிவுகளை ஆராய்ச்சிக்காக இணையத்தில் வெளியிட்டது. பெயர்கள் இல்லை, எண்கள் மறையாக்கம் செய்யப்பட்டிருந்தன. சில வாரங்களிலேயே மெல்போர்ன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் மருத்துவர்களின் எண்களைக் கண்டறிய முடிவதைச் சுட்டிக்காட்டினர். அரசு தரவுகளைத் திரும்பப் பெற்றது. பிரசவம் எந்த ஆண்டில், அறுவை சிகிச்சை எந்த நாளில் என்பன போன்ற வெளியே தெரிந்த விவரங்களைக் கொண்டு நோயாளிகளையும் அடையாளம் காணலாம் என்று அடுத்த ஆண்டு அவர்கள் காட்டினர். திரும்பப் பெற்றாலும், இணையத்தில் ஒருமுறை வெளியானதன் பிரதிகள் யார் யாரிடம் இருக்கின்றன என்று யாரால் சொல்ல முடியும்?

நம் நாட்டில் இந்த ஆபத்து கூடுதல் என்றே நினைக்கிறேன். வாக்காளர் பட்டியல் பொது ஆவணம்; அதில் பெயரும் வயதும் உறவினர் பெயரும் உண்டு. ஊர்கள் சிறியவை, உறவுகள் நெருக்கமானவை. ‘ஒன்றியத்தின் இன்ன ஊர், 38 வயது, பள்ளி ஆசிரியர், சிறுநீரக மாற்று அறுவை சிகிச்சை’ என்றால் அதற்குமேல் பெயர் எதற்கு?

தனிமனிதர் அடையாளம் தெரியாமலே ஒரு சமூகம் முழுவதும் காயப்படவும் கூடும். அமெரிக்காவின் அரிசோனா மாநிலத்தில் ஹவாசுபாய் பழங்குடியினரிடம் நீரிழிவு ஆய்வுக்கென்று 1990களில் ரத்தம் எடுத்தார்கள். அதே மாதிரிகள் மனச்சிதைவு, உறவுக்குள் மணம், இனத்தின் பூர்வீகம் பற்றிய ஆய்வுகளுக்கும் பயன்பட்டதை அறிந்து அவர்கள் வழக்குத் தொடுத்தனர். 2010இல் பல்கலைக்கழகம் ஏழு லட்சம் டாலர் கொடுத்து சமரசம் செய்துகொண்டது. ரத்த மாதிரிகளையும் திருப்பித் தந்தது. 10,000 இந்தியர்களின் மரபணுத் தொகுப்புகள் ஆராய்ச்சிக்கு வழங்கப்படும் காலம் இது. அகமணம் வழக்கில் உள்ள சமூகங்களில், ஒருவரின் மரபணு அவருடைய உறவினர்களின் ரகசியத்தையும் சேர்த்தே சுமக்கிறது. இருளருக்கோ தோடருக்கோ ‘இந்த நோய் இவர்களிடம் அதிகம்’ என்ற முத்திரை விழுந்தால், அதைத் துடைக்க எந்தப் பெயர் நீக்கமும் உதவாது.

நம்பிக்கை உடைந்தால் என்ன ஆகும்?

இங்கிலாந்து இதற்குப் பாடம். குடும்ப மருத்துவர்களிடம் உள்ள பதிவேடுகளை ஒரே இடத்தில் திரட்டி ஆராய்ச்சிக்குத் தரும் ‘கேர் டாட் டேட்டா’ என்ற திட்டத்தை அந்நாட்டின் தேசியச் சுகாதாரச் சேவை முன்னெடுத்தது. 2014 தொடக்கத்தில் வீடுதோறும் துண்டறிக்கை அனுப்பினார்கள். அது எதையும் தெளிவாகச் சொல்லவில்லை. அதே நேரத்தில், மருத்துவமனைத் தரவுகள் முன்பு காப்பீட்டுக் கணக்கீட்டாளர் அமைப்பு ஒன்றுக்கு வழங்கப்பட்டிருந்த செய்தி வெளியானது. கொந்தளிப்பில் திட்டம் நிறுத்திவைக்கப்பட்டு, 2016இல் கைவிடப்பட்டது. அடுத்த ஆண்டு, லண்டன் ராயல் ஃப்ரீ மருத்துவமனை 16 லட்சம் நோயாளிகளின் பதிவுகளைக் கூகுளுக்குச் சொந்தமான டீப்மைண்ட் நிறுவனத்துக்குத் தந்ததில் தரவுப் பாதுகாப்புச் சட்டம் பின்பற்றப்படவில்லை என்று தகவல் ஆணையர் அறிவித்தார். சிறுநீரகப் பாதிப்பை முன்கூட்டியே கண்டறியும் நல்ல நோக்கம்தான். நோயாளிகளுக்குத் தெரியாது என்பதுதான் குற்றம். 2021இல் குடும்ப மருத்துவர் பதிவேடுகளைத் திரட்ட மீண்டும் முயன்றபோது, ஒரே மாதத்தில் பத்து லட்சத்துக்கும் மேற்பட்டோர் தங்கள் தரவுகளைப் பயன்படுத்தக் கூடாது என்று பதிவுசெய்துகொண்டார்கள்.

அப்படி விலகுபவர்கள் நாடெங்கும் சமமாகப் பரவியிருப்பதில்லை என்பதால், எஞ்சும் தரவும் ஆராய்ச்சிக்குக் கோணலாகிவிடும். விலகும் வசதி இல்லாத நாட்டில் மக்கள் வேறு வழியில் விலகுவார்கள்: மருத்துவரிடம் பொய் சொல்வார்கள், அல்லது போகவே மாட்டார்கள். காசநோய், எச்.ஐ.வி., மனநோய் ஆகியவற்றில் அதன் விலை உயிர்.

அதே இங்கிலாந்து இன்னொரு வழியையும் காட்டியது. 2020இல் கரோனா பரவியபோது, ஆக்ஸ்ஃபோர்டு பல்கலைக்கழகத்தின் பென் கோல்டேக்கரும் லண்டன் ஆய்வாளர்களும் ‘ஓப்பன்சேஃப்லி’ என்ற தளத்தை உருவாக்கினார்கள். இதில் பதிவேடு எங்கும் போகாது. அது ஏற்கெனவே இருக்கும் கணினியிலேயே இருக்கும். ஆய்வாளர் தன் கேள்வியை நிரலாக எழுதி உள்ளே அனுப்புகிறார். கணக்கிட்ட முடிவு மட்டும் சரிபார்க்கப்பட்டு வெளியே வருகிறது. தனி நோயாளியின் வரியை அவர் பார்ப்பதே இல்லை. யார் என்ன கேட்டார்கள் என்பது பொதுவெளியில் பதிவாகிறது. சில மாதங்களிலேயே, 1 கோடியே 70 லட்சத்துக்கும் மேற்பட்டோரின் பதிவுகளை ஆராய்ந்து, யாருக்கு மரண ஆபத்து அதிகம் என்று அறிவித்தார்கள். தெற்காசிய வம்சாவளியினருக்கு ஆபத்து கூடுதல் என்பதும் அந்த முடிவுகளில் ஒன்று. பிரிட்டனில் வாழும் தமிழர்களுக்கும் அது பயன்பட்ட அறிவு. ரகசியம் காப்பதும் ஆராய்ச்சி நடப்பதும் எதிரெதிர் திசைகள் அல்ல என்பதற்கு இதைவிட நல்ல சான்று எனக்குத் தெரியவில்லை. பின்லாந்து 2019இல் தனிச் சட்டமே இயற்றி, அனுமதி வழங்கவும் பாதுகாப்பான கணினிச் சூழலை அமைக்கவும் ஓர் அரசு அமைப்பை ஏற்படுத்தியிருக்கிறது.

நாம் செய்ய வேண்டியவை

ஆகவே, என் வாதம் இதுதான்: பெயரை நீக்கிப் பதிவேட்டை வெளியே அனுப்பும் பழக்கத்தை விட்டு, பதிவேட்டை உள்ளேயே வைத்து ஆய்வாளரை அங்கே அழைக்கும் முறைக்கு நாம் மாற வேண்டும். ஒவ்வொரு பிரதியும் ஓர் ஆபத்து. 2022 நவம்பரில் டெல்லி எய்ம்ஸ் மருத்துவமனையின் சர்வர்கள் இணையத் தாக்குதலுக்கு உள்ளாகி, இரு வாரங்களுக்குச் சேவைகள் முடங்கின. நாட்டின் தலைசிறந்த மருத்துவமனைக்கே அந்த நிலை என்றால், மாணவரின் மடிக்கணினி எம்மாத்திரம்?

இதற்குச் சட்டத்தைத் திருத்தும்வரை காத்திருக்கத் தேவையில்லை. விதிகளின் இரண்டாம் அட்டவணையையே ஒன்றிய அரசு விரிவாக்கலாம். உடல்நலத் தரவு என்றால் அறநெறிக் குழுவின் அனுமதி கட்டாயம்; காப்பீட்டுக் கட்டணம் நிர்ணயிக்கவும், வேலைக்கு ஆள் எடுக்கவும், விளம்பரத்துக்கும் ஆராய்ச்சி விலக்கைப் பயன்படுத்த முடியாது; மிகச் சிலரை மட்டுமே குறிக்கும் எண்ணிக்கைகளை முடிவுகளில் வெளியிடக் கூடாது என்ற மூன்றை எழுதிச் சேர்த்தாலே பெரும் மாற்றம் வரும். நீக்கிய அடையாளத்தை மீண்டும் கண்டறிய முயல்வதைக் குற்றமாக்கலாம். ஆனால், ஓட்டையைக் கண்டுபிடித்து அரசுக்குச் சொல்லும் நேர்மையான ஆய்வாளருக்கு அதில் விலக்கு வேண்டும். ஆஸ்திரேலிய அரசு அவர்களையும் சேர்த்துத் தண்டிக்கும் வகையில் ஒரு மசோதா கொண்டுவந்து கடும் விமர்சனத்துக்கு ஆளானது, அது நிறைவேறவில்லை.

வெளியாரின் தாக்குதலை மட்டும் அஞ்சினால் போதாது. சிங்கப்பூரின் எச்.ஐ.வி. பதிவேட்டிலிருந்து 14,200 பேரின் விவரங்கள் கசிந்ததை 2019 ஜனவரியில் அந்நாட்டு அரசு அறிவித்தது. பூட்டு உடைக்கப்படவில்லை, பதிவேட்டை அணுகும் உரிமை பெற்றிருந்த மருத்துவர் ஒருவருக்கு நெருக்கமானவர் வழியாகவே அது வெளியேறியது. யார், எப்போது, எதைத் திறந்தார் என்ற குறிப்பு தானாகப் பதிவாவதும், அதை வேறொருவர் சரிபார்ப்பதும் அதனால்தான் அவசியம். எச்.ஐ.வி. தொற்றுள்ளோருக்கான 2017ஆம் ஆண்டுச் சட்டம், அவர்களின் தகவல்களை வைத்திருக்கும் ஒவ்வொரு நிறுவனமும் தரவுப் பாதுகாப்பு ஏற்பாடுகளைச் செய்தாக வேண்டும் என்கிறது. ஒரு நோய்க்கு நாம் எழுதத் தெரிந்திருந்த சட்டத்தை மற்ற நோய்களுக்கும் எழுதத் தெரியாமல் போகாது.

இதற்கெல்லாம் செலவாகும், சிறிய கல்லூரிகளால் முடியாது, ஆராய்ச்சியே முடங்கிவிடும் என்பது நான் அடிக்கடி கேட்கும் மறுப்பு. அதில் உண்மை இருக்கிறது. ஒவ்வொரு கல்லூரியும் தனித்தனியே பாதுகாப்பான கணினி மையம் அமைக்க முடியாதுதான். ஆனால், ஒரு மாநிலத்துக்கு ஒன்று போதுமே. பொதுச் சுகாதாரமும் மருத்துவமனைகளும் அரசமைப்பில் மாநிலப் பட்டியலில் உள்ளவை. தமிழ்நாட்டில் அரசு மருத்துவக் கல்லூரிகள் பரவலாக இருக்கின்றன. முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டத்தின் பதிவுகள் இருக்கின்றன. 2021இல் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் வீடு தேடிச் சென்று ரத்த அழுத்தத்தையும் சர்க்கரையையும் அளந்து பதிவுசெய்கிறார்கள். இவ்வளவு தரவுகளை வைத்திருக்கும் அரசு, அவற்றை ஆராய ஒரு பொது மையத்தை அமைத்துக் கல்லூரி மாணவர்களுக்கு இலவசமாகத் திறந்துவிட்டால் ஆராய்ச்சி பெருகவே செய்யும். இன்று தரவு தேடி அலையும் மாவட்டக் கல்லூரி மாணவருக்கு அது வரப்பிரசாதம். வணிக நிறுவனங்களிடம் கட்டணம் பெறலாம்.

கடைசியாக, செலவே இல்லாத ஒரு வேலை இருக்கிறது: மக்களிடம் சொல்வது. ஆயுஷ்மான் பாரத் டிஜிட்டல் திட்டத்தில் 70 கோடிக்கும் மேற்பட்ட ‘ஆபா’ எண்கள் உருவாக்கப்பட்டுவிட்டன. புறநோயாளிச் சீட்டுக்கு வரிசையில் நிற்பவர்களில் எத்தனை பேருக்கு அந்த எண் எதற்கு என்று தெரியும்? அவர்களிடம் பெறப்படும் ஒப்புதல் பெரும்பாலும் ஒரு கைபேசிக் கடவுஎண்தான். ஒவ்வொரு மருத்துவமனையிலும் புறநோயாளிப் பிரிவின் சுவரில் ஒரு பலகை இருக்கட்டும். இந்த ஆண்டு இங்குள்ள பதிவேடுகளைக் கொண்டு என்னென்ன ஆய்வுகள் நடந்தன, யார் செய்தார்கள், என்ன கண்டுபிடித்தார்கள், உங்கள் பதிவேட்டைச் சேர்க்க வேண்டாம் என்றால் யாரிடம் சொல்ல வேண்டும் என்ற நான்கு செய்திகள் எளிய தமிழில் அதில் இருந்தால் போதும். புற்றுநோய்ப் பதிவேடு, தொற்றுநோய் அறிவிப்பு போல எல்லோரையும் கணக்கில் எடுத்தாக வேண்டிய இடங்களில், விலக முடியாது என்பதையும் அதற்கான காரணத்தையும் அதே பலகையில் சொல்லலாம்.

தங்கள் நோயின் கதை இன்னொருவரின் உயிரைக் காக்கும் என்றால் பெரும்பாலோர் மறுக்க மாட்டார்கள். கண்தானமும் உறுப்பு தானமும் செய்கிற ஊர் இது. தானம் என்பது கேட்டுப் பெறுவது. கேளாமல் எடுத்துக்கொண்டால் அதற்கு வேறு பெயர். 2027 மே மாதத்துக்கு முன் ஒன்றிய அரசு அந்த அட்டவணையைத் திருத்தட்டும். தமிழ்நாடு அதற்கும் முன்னதாக அந்தப் பலகையை மாட்டட்டும்.